முட்டைக்கு முன்பே முடிவெடுங்கள்: வீட்டைச் சுற்றிக் கூடு கட்டும் பறவைகளோடு ஒரு மாதம்

வீட்டுப் பால்கனியிலோ தோட்டத்திலோ கூடு கட்டும் சிறு பறவைகள் நம்மிடம் கேட்பது ஏறக்குறைய ஒரு மாத இடம். கூடு முடையச் சில நாள், முட்டையிட இரண்டு முதல் ஐந்து நாள், அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு வளர இன்னும் இரண்டு வாரம். அதன்பின் கூடு காலியாகிவிடும். இந்தக் கணக்கு தெரியாததால் சிலர் முதல் நாளிலேயே பதறிக் கூட்டைக் கலைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஆசை மிகுந்து, நாளுக்குப் பத்து முறை இலையை விலக்கிப் பார்த்தே தாய்ப்பறவையை விரட்டிவிடுகிறார்கள். வெறுத்தவர்களால் அழிந்த கூடுகளைவிட, ஆசையாகப் பார்த்தவர்களால் அழிந்தவை குறைவு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று முடிவெடுக்கும் காலம் முதல் முட்டை விழும்வரைதான். அதன்பிறகு நாம் மாற்றக்கூடியது நம் பழக்கங்களை மட்டுமே. கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒரு கோட்டைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: வீட்டை ஒரு முறை சுற்றி வாருங்கள்

கூடு கட்டும் பருவம் தொடங்குவதற்கு முன், பறவை எந்த இடத்தை விரும்பும் என்று தேடியபடி வீட்டை வெளியே இருந்து பாருங்கள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பிடித்தமான இடம் உண்டு. சிட்டுக்குருவியும் மைனாவும் வண்ணாத்திக்குருவியும் துளை தேடுபவை. ஏசி குழாய் சுவரைத் துளைத்து வரும் ஓட்டை, ஓட்டுக் கூரையின் இடுக்கு, மின்மீட்டர் பெட்டி, புகைபோக்கும் மின்விசிறியின் வாய் எல்லாம் அவற்றுக்கு வீடுதான். கொண்டைக்குருவி அடர்ந்த கொடியிலோ தொட்டிச் செடியிலோ, பெரும்பாலும் நம் நெஞ்சளவு உயரத்தில், கிண்ணம் போன்ற கூட்டை மறைத்து வைக்கும். தையல்சிட்டு இலைகளை நாராலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பை ஆக்கிக்கொள்ளும். அதற்குச் சற்றே அகலமான இலை போதும். தேன்சிட்டு மெல்லிய கிளை நுனியிலோ தொங்கும் கம்பியிலோ பை ஒன்றைத் தொங்கவிடும். மண்ணால் கூடு கட்டும் தகைவிலான்களுக்குக் கூரையின் அடிப்பக்கமும் அருகில் கொஞ்சம் ஈரமண்ணும் வேண்டும். புறாக்களுக்கு மட்டமான விளிம்பு ஒன்று கிடைத்தால் போதும். நான்கு குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுவிட்டு அதைக் கூடு என்று சொல்லிக்கொள்ளும். ஆட்காட்டி அதைக்கூடச் செய்வதில்லை. சரளைக்கல் பரப்பிலோ தட்டையான மாடியிலோ நேராகத் தரையில் முட்டையிடும்.

இவற்றில் எந்தெந்த இடங்களை விட்டுக்கொடுக்க முடியும், எவற்றை முடியாது என்று இரண்டாகப் பிரியுங்கள். சுழலும் விசிறி உள்ள எதுவும் கூடாது. மின் இணைப்புப் பெட்டி, வெந்நீர்க் கொதிகலனின் புகைக்குழாய், நாள்தோறும் அடித்துச் சாத்தப்படும் கதவின் மேல்விளிம்பு, அடிக்கடி ஓட்டிச் செல்லும் வண்டியின் உட்புறம் ஆகியவையும் கூடாது. இவை பறவைக்கே ஆபத்து. சிலவற்றில் வீட்டுக்குத் தீ ஆபத்தும் உண்டு. இந்த இடங்களைக் கம்பி வலையால் இப்போதே மூடுங்கள். சிட்டுக்குருவி நுழையாமல் இருக்க வலைக்கண் 2 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும்.

மூடுவதற்கு முன் உள்ளே யாரும் இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். சற்றுத் தள்ளி அமர்ந்து அரைமணி நேரம் அந்தத் துளையையே பாருங்கள். குஞ்சுகள் உள்ள துளைக்குள் பெற்றோர் அதற்குள் ஒரு முறையாவது போய் வரும். உள்ளே குஞ்சு இருக்கையில் துளையை அடைத்துவிட்டால் அவை பட்டினியில் சாகும், பெற்றோர் வெளியே நாள்கணக்கில் மோதிக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் நாற்றம் வரும். சோம்பலால் நேரும் கொடுமைகளில் இதைவிட மோசமானது இந்த விஷயத்தில் வேறில்லை.

பால்கனி முழுவதற்கும் புறா வலை கட்டுவதானால், அதை இழுத்து விறைப்பாகக் கட்டச் சொல்லுங்கள். தொய்ந்த வலையில் பறவையின் கால் சிக்கும். கட்டிய பிறகும் அவ்வப்போது ஓரங்களைப் பார்த்துவர வேண்டும். கிழிசல் வழியாக உள்ளே வந்த பறவைக்கு வெளியேறும் வழி தெரியாது.

படி 2: குச்சி வரத் தொடங்கும்போது

அலகில் நாரோ புல்லோ கவ்விக்கொண்டு ஒரே இடத்துக்குப் பறவை திரும்பத் திரும்பப் போனால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். அது நீங்கள் ஒப்புக்கொண்ட இடமானால் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்தப் பக்கம் போவதைக் குறையுங்கள். ஒப்ப முடியாத இடமானால், இதுதான் கடைசி வாய்ப்பு. விழுந்த குச்சிகளை அன்றன்றே எடுத்துவிட்டு, அந்த விளிம்பில் ஏதேனும் ஒரு பொருளை வைத்து மட்டமான பரப்பு இல்லாதபடி செய்யுங்கள். புறாவிடம் இதில் தாமதம் உதவாது. இன்று காலை நான்கு குச்சி, நாளை மறுநாள் முட்டை என்ற வேகம் அதற்கு உண்டு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் ஒப்பந்தச் சட்டம், பிரிட்டனில் 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம், இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் என்று பல நாடுகளில் காட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பிரிட்டன் சட்டம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் கூட்டைக்கூட வேண்டுமென்றே சேதப்படுத்தக் கூடாது என்கிறது. மறுபக்கம், அமெரிக்கச் சட்டத்தில் மாடப்புறாவும் சிட்டுக்குருவியும் அடங்கா. ஆகவே எந்தப் பறவை, எந்த நாடு என்பதைப் பொறுத்து விதி மாறும். கூட்டைத் தொடுவதற்கு முன் உங்கள் ஊர் வனத்துறையிடமோ அதற்கு இணையான அலுவலகத்திடமோ கேட்டுவிடுவது நல்லது.

கூடு கட்டப் பொருள் கொடுத்து உதவலாம் என்று பலருக்குத் தோன்றும். உலர்ந்த புல், மெல்லிய வேர், இலைச் சருகு, நார்த்துணுக்கு போதும். அவற்றைத் தோட்டத்தில் ஒரு மூலையில் பெருக்காமல் விட்டாலே உதவிதான். தலைமுடி, தையல் நூல், நைலான் இழை, பட்டம் விடும் நூல் ஆகியவற்றை வைக்கவே கூடாது. வளரும் குஞ்சின் காலில் அவை சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நாய், பூனையின் முடியும் வேண்டாம்: உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் போட்ட மருந்து அதில் தங்கியிருக்கும். சிலந்தி வலையைத் துடைக்கும் வேலையைப் பருவம் முடியும்வரை கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தேன்சிட்டுக்கும் தையல்சிட்டுக்கும் அதுதான் பசை.

கூட்டுப்பெட்டி வைப்பதானால்

துளை தேடும் பறவைகளுக்குப் பெட்டி வைக்கலாம். கிண்ணக் கூடு கட்டும் கொண்டைக்குருவி பெட்டியைத் திரும்பியும் பார்க்காது. அதற்கு அடர்ந்த செடி ஒன்றே பரிசு.

கடைகளில் கிடைக்கும் அழகான பெட்டிகளில் பாதி, பறவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, வாங்குபவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. பார்க்க வேண்டியவை இவை. சிட்டுக்குருவிக்குப் பெட்டியின் நுழைவாயில் 32 மி.மீ. விட்டம் இருந்தால் போதும். அது மைனா போன்ற பெரிய பறவைகளை வெளியே நிறுத்திவிடும். வண்ணாத்திக்குருவிக்குச் சற்றுப் பெரிய வாயில் தேவை. வாயிலின் அடிவிளிம்புக்கும் பெட்டியின் தரைக்கும் இடையே குறைந்தது 12 செ.மீ. ஆழம் வேண்டும், இல்லையென்றால் பூனை கையை விட்டுக் குஞ்சை இழுத்துவிடும். தரை ஒவ்வொரு பக்கமும் 12 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். மரப்பலகை 15 மி.மீ. தடிமனாவது இருந்தால்தான் வெயிலும் குளிரும் உள்ளே ஏறாது. தகரப் பெட்டியும் பிளாஸ்டிக் பெட்டியும் வெயிலில் அடுப்பாகிவிடும். தரையில் நீர் வடியச் சிறு துளைகள், மேலே காற்றுப் போக இடைவெளி, சுத்தம் செய்யத் திறக்கும் ஒரு பக்கம் ஆகியவை கட்டாயம். உட்புறத்தில் வண்ணமோ வார்னிஷோ பூசாதீர்கள். கரடான பலகையைப் பற்றித்தான் குஞ்சு மேலே ஏறி வரும். வாயிலுக்குக் கீழே அமர்வதற்குக் குச்சி எதுவும் தேவையில்லை. அது உதவுவது குஞ்சைத் தேடி வரும் எதிரிக்கு மட்டும்தான்.

தரையிலிருந்து 2 முதல் 4 மீட்டர் உயரத்தில், நண்பகல் வெயிலும் மழைச்சாரலும் நேராக அடிக்காத பக்கமாக மாட்டுங்கள். சிட்டுக்குருவிகள் கூட்டமாக வாழ்பவை. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று பெட்டிகள் வைத்தால் வர வாய்ப்பு அதிகம். முதல் பருவத்தில் ஒன்றும் வராமல் போகலாம். அதற்காகப் பெட்டியை மாதம் ஒரு சுவருக்கு மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

படி 3: முட்டை வந்துவிட்டது

இனிக் கூட்டை நகர்த்தும் பேச்சே வேண்டாம். அரை மீட்டர் தள்ளி வைத்தால்கூட, பழைய இடத்துக்கே வந்து தேடிவிட்டுப் போய்விடும் பறவைகள் உண்டு.

முட்டை மட்டும் இருக்கிறது, தாயைக் காணோம் என்று பதறுவது புதியவர்களின் வழக்கம். சிறு பறவைகள் பெரும்பாலும் நாளுக்கு ஒரு முட்டையாக, அதிகாலையில் இடும். எல்லா முட்டையும் இட்டு முடியும்வரை, அல்லது கடைசி முட்டைக்கு முந்தைய நாள்வரை, பல பறவைகள் அடைகாக்கத் தொடங்குவதில்லை. அப்போதுதான் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் பொரியும். ஆகவே முதல் சில நாட்கள் கூடு ஆளில்லாமல் கிடப்பது திட்டத்தின் பகுதி. ‘கைவிடப்பட்ட’ முட்டைகளை எடுத்துப் பஞ்சில் சுற்றி விளக்கடியில் வைக்கும் முயற்சி எதுவும் வேண்டாம்.

கால அளவு பறவைக்குப் பறவை கொஞ்சம் மாறும். சிட்டுக்குருவி மூன்று முதல் ஐந்து முட்டைகள் இட்டு, 10 முதல் 14 நாட்கள் அடைகாக்கும். குஞ்சுகள் இரண்டு வாரத்தில் வெளியேறும். கொண்டைக்குருவிக்குப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று முட்டை. அடைகாப்பு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவு. புள்ளிப்புறாவும் தவிட்டுப்புறாவும் இரண்டு வெள்ளை முட்டைகள் இடும். புறாக்களில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அமரும்: நடுக்காலையிலிருந்து மாலைவரை பெரும்பாலும் ஆண், மற்ற நேரம் பெண். நாம் பகலில் பார்க்கும் ‘தாய்ப்புறா’ பெரும்பாலும் தகப்பன்தான். ஆட்காட்டிக்கு நான்கு முட்டை, ஏறக்குறைய நான்கு வாரம். முட்டை கண்ட தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வெள்ளையடிப்பு, செடி கத்தரிப்பு, வெளிச்சுவர்ப் பழுது எல்லாவற்றையும் அதைப் பார்த்துத் தள்ளிப்போடலாம்.

இனி அன்றாடப் பழக்கங்கள். கூடு உள்ள தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றாமல் செடியைக் காயவிட்டால் இலை உதிர்ந்து கூடு வெளியே தெரியும். ஆகவே தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும்: பறவை இரை தேடப் போயிருக்கும் நேரத்தில், குறுகிய மூக்குள்ள பூவாளியால், தொட்டியின் ஓரமாக மெதுவாக. தொட்டியின் அடியில் தட்டு இருந்தால் அதில் ஊற்றுவது இன்னும் மேல். கூட்டின் அருகில் எரியும் இரவு விளக்கை அணையுங்கள், அல்லது வேறு பக்கம் திருப்புங்கள். கூடு இருக்கும் வாசலுக்கு மாற்று வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டாலும் பெரிய கவலை வேண்டாம். வாசலில் கட்டிய பறவை வீட்டாரின் போக்குவரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறது. நடந்து கடந்து போகிறவரை அது பொறுத்துக்கொள்ளும்; நின்று உற்றுப் பார்ப்பவரைத்தான் பொறுக்காது.

பார்க்காமல் இருக்க முடியாது என்றால் பார்க்கும் முறை இருக்கிறது. பறவை தானாகப் போன பிறகு, குச்சியில் கட்டிய சிறு கண்ணாடியாலோ கைபேசியாலோ சில விநாடி பார்த்துவிட்டு நகருங்கள். அதிகாலையில் வேண்டாம், அது முட்டையிடும் நேரம். இருட்டிய பின் வேண்டாம். வெளியே பதறிப் பறந்த பறவைக்கு இரவில் திரும்ப வழி தெரியாமல் போகலாம். மழையிலும் குளிரிலும் கடும் வெயிலிலும் வேண்டாம். காகம் பக்கத்தில் இருந்தால் கூட்டின் திசையைத் திரும்பியும் பாராதீர்கள். நாம் எதை அக்கறையாகப் பார்க்கிறோம் என்பதை அது கவனிக்கும். கூட்டை மறைக்கும் இலையைப் படம் எடுப்பதற்காக விலக்குவது, நிழலையும் மறைவையும் ஒரே நேரத்தில் பறிப்பதாகும். நேர் வெயில் பட்டால் முட்டை விரைவில் கெட்டுவிடும்.

வீட்டில் சிறுவர்கள் இருந்தால் மூன்று மீட்டர் தள்ளித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அறிவுரையைவிடக் கோடு நன்றாக வேலை செய்யும். உங்கள் வீட்டுக்கு எத்தனை மீட்டர் சரி என்பதைப் பறவையே காட்டும்: கூட்டுக்குப் போகாமல் அருகில் கிளையில் அமர்ந்து, வாலை ஆட்டியபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நீங்கள் நிற்கும் இடம் தவறு. பின்வாங்குங்கள்.

படி 4: குஞ்சு பொரித்த பின்

இப்போது பெற்றோரின் போக்குவரத்து பல மடங்காகும். பூச்சி தின்னும் சிறு பறவைகள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கூட்டுக்கு இரை கொண்டுவரும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும். வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அதில்தான் இருக்கிறது. புறா மட்டும் விலக்கு. அது தன் தொண்டைப் பையில் சுரக்கும் ‘புறாப் பாலை’ ஊட்டுகிறது. ஆகவே, கூடு இருக்கும் மாதத்தில் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பது குஞ்சின் சாப்பாட்டை எடுத்துக்கொள்வது. மருந்துபட்ட புழுவை அது உண்டால் இன்னும் கேடு. எலி மருந்தும் பசை அட்டையும் வேண்டாம்.

பறவைக்குச் சோறும் தானியமும் வைப்பவர்கள் அந்தத் தட்டைக் கூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். தீனி இருக்கும் இடத்துக்குக் காகமும் அணிலும் எலியும் வரும். வந்தவை அருகில் உள்ள கூட்டையும் கண்டுபிடிக்கும். தண்ணீர் வைப்பது எல்லா வகையிலும் நல்லது. 2 முதல் 5 செ.மீ. ஆழமுள்ள, அடிப்பகுதி வழுக்காத அகன்ற தட்டு போதும். நாள்தோறும் கழுவி மாற்றினால் கொசுவும் வளராது.

குஞ்சின் எச்சம் வெள்ளைச் சவ்வுப் பையில் அடைபட்டு வரும். பெற்றோர் அதை அலகில் தூக்கிக்கொண்டு போய்த் தொலைவில் போடுவதைப் பார்க்கலாம். சின்னக் கூடு நாற்றமடிக்காமல் இருப்பதன் காரணம் இதுதான். புறாக்களிடம் இந்த நாகரிகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

பொரித்து எட்டு ஒன்பது நாள் கடந்ததும் கூட்டின் அருகே போவதை முற்றிலும் நிறுத்துங்கள். சிறகு முளைத்த குஞ்சு பயந்தால் பறக்கத் தெரிவதற்கு முன்பே குதித்துவிடும். திரும்ப வைத்தாலும் தங்காது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கண் திறந்த குஞ்சுகள் அழகாக இருக்கும், படம் எடுக்கத் தோன்றும்.

படி 5: குஞ்சு தரையில் இருக்கிறது

முதலில் எந்த வகைக் குஞ்சு என்று பாருங்கள். உடம்பில் இறகு மூடி, வால் குட்டையாக, தத்தித் தாவினால் அது கூட்டைவிட்டுத் தானாக வந்த குஞ்சு. பறக்கப் பழகும் சில நாட்களை அது தரையிலும் புதரிலும் கழிக்கும். பெற்றோர் அருகில் எங்கோ இருந்து ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். இதைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவருவது காப்பாற்றுவது ஆகாது. வண்டிப் பாதையிலோ நாயின் எதிரிலோ இருந்தால் மட்டும் எடுத்து, அருகில் உள்ள புதரின் உள்ளே வைத்துவிட்டு விலகுங்கள்.

இறகு இல்லாமல் தோல் தெரிந்தால், அல்லது இறகுக் குருத்து மட்டும் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால், அது விழுந்துவிட்ட குஞ்சு. அதைக் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். அந்த வாசனைக்காகப் பறவை தன் குஞ்சைத் தள்ளாது. கூடே பிய்ந்து விழுந்திருந்தால், அடியில் துளையிட்ட சிறு கூடையிலோ டப்பாவிலோ பழைய கூட்டின் சருகை வைத்து, முன்பிருந்த இடத்துக்கு இயன்ற அளவு அருகில், நிழலில் கட்டுங்கள். பிறகு தொலைவில் நின்று ஓரிரு மணி நேரம் கவனியுங்கள். பெற்றோர் வந்து ஊட்டினால் உங்கள் வேலை முடிந்தது.

குஞ்சின் வாயில் தண்ணீர் விடாதீர்கள். அதன் மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஒரு சொட்டு தவறிப் போனாலும் நுரையீரலுக்குள் இறங்கும். பாலும் ரொட்டியும் வேண்டாம். காயம் பட்டிருந்தால், பூனை கவ்வியிருந்தால், பெற்றோர் இறந்தது உறுதியானால், காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, இருட்டாகவும் அமைதியாகவும் வைத்துக்கொண்டு, வனவுயிர் மீட்பாளரையோ கால்நடை மருத்துவரையோ அழையுங்கள். பூனை கவ்விய குஞ்சில் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பூனைப் பல்லின் கிருமிகள் ஓரிரு நாளில் கொன்றுவிடும்.

வளர்ப்புப் பூனையைக் குஞ்சுகள் வெளிவரும் அந்த ஒரு வாரமாவது வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கழுத்தில் மணி கட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். மணி கேட்டாலும் பறக்கத் தெரியாத குஞ்சு எங்கே போகும்? புதிதாகப் பறப்பவை கண்ணாடி ஜன்னலில் மோதுவதும் உண்டு. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டினால் அது தடுப்பு என்று பறவைக்குத் தெரியும். நடுவில் ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டுவதால் பயனில்லை.

மாடியில் பொரிந்த ஆட்காட்டிக் குஞ்சுகள் வேறு வகை. பொரித்துச் சில மணி நேரத்திலேயே நடந்து தாமாக இரை தேடும். அவற்றுக்குக் கூடு என்ற ஒன்றே தேவையில்லை. மழைநீர்க் குழாயின் வாயைக் கம்பி வலையால் மூடி, நிழலுக்கு ஓரமாக ஒரு பலகையைச் சாய்த்து, மிக ஆழம் குறைந்த தட்டில் தண்ணீர் வையுங்கள். பெற்றோர் கீழே நின்று கூப்பிட, குஞ்சுகள் கைப்பிடிச் சுவரைத் தாண்ட முடியாமல் தவித்தால் மீட்பாளரின் உதவியைக் கேளுங்கள்.

காகமும் பாம்பும் வந்தால்

திறந்த கிண்ணக் கூடுகளில் கணிசமானவை குஞ்சு பறக்கும் முன்பே எதிரிகளிடம் போய்விடும். பார்க்க வேதனையாக இருந்தாலும், காகத்துக்கும் கூட்டில் குஞ்சு இருக்கிறது. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிட்டிருக்கவும் கூடும். என் கருத்து இதுதான்: நம் வீட்டு விலங்கால் வரும் ஆபத்தை முழுவதும் தடுக்க வேண்டும், காட்டு விலங்குகளுக்கு இடையே நடப்பதில் தலையிடக் கூடாது. கூட்டைச் சுற்றிக் கம்பி வலை அடிக்கப் போய், பெற்றோரே வராமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். கூடு இழந்த இணை பெரும்பாலும் சில நாட்களில் வேறிடத்தில் மறுபடி கட்டத் தொடங்கிவிடும்.

எச்சம், பூச்சி, தாக்கும் பறவை

நடைபாதைக்கு மேலே தகைவிலான் கூடு இருந்தால், பறந்து வரும் வழியை மறைக்காதபடி நன்றாகக் கீழே ஒரு பலகையைப் பொருத்துங்கள். தரையில் பழைய செய்தித்தாள் விரித்தாலும் போதும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். தூசியோடு கிளம்பும் நுண்ணுயிர்கள் நுரையீரல் நோய் தரலாம். முகமூடியும் கையுறையும் அணிந்து, தண்ணீர் தெளித்து ஊறவைத்து வழித்தெடுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

குஞ்சு வெளியேறிய கூட்டிலிருந்து நுண்ணிய செந்நிற உண்ணிகள் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து கடிப்பது உண்டு. அவற்றால் மனித உடலில் நிலைத்து வாழ முடியாது. காலியான கூட்டை உடனே அகற்றி, அந்த இடத்தைச் சோப்பு நீரால் துடைத்தால் தீர்ந்துவிடும்.

காகம், ஆட்காட்டி போன்றவை குஞ்சு இருக்கும் சில வாரம் தலைக்கு மேல் பாய்ந்து விரட்டும். பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் வரும். குடை பிடித்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுங்கள். கல்லெறிந்தால் அடுத்த நாள் இன்னும் கோபமாக வரும்.

படி 6: கூடு காலியான பின்

உடனே எடுத்து எறிய வேண்டாம். ஓரிரு வாரம் பாருங்கள். புறாவும் சிட்டுக்குருவியும் அதே இடத்தில் அடுத்த முறை முட்டையிடத் தொடங்கலாம். புறாவுக்குப் பழைய கூட்டின் மேலேயே இரண்டு குச்சி போட்டால் போதும். மீண்டும் வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால், உங்கள் ஊர் சட்டம் அனுமதிக்குமானால், முட்டை விழும் முன் இப்போதே அகற்றிவிட்டு அந்த விளிம்பைச் சாய்வான பலகையால் மூடுங்கள். உண்ணி தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், குஞ்சு போனதும் எடுத்துவிடலாம்.

பெட்டியைப் பருவம் முடிந்ததும் திறந்து, பழைய பொருளைக் கொட்டிவிட்டு, கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

தள்ளிப்போட்ட கத்தரிப்பை இப்போது செய்யலாம். முதலில் ஒரு கால்மணி நேரம் செடியைத் தள்ளி நின்று பாருங்கள். உள்ளே வேறொரு கூடு இருக்கலாம். முழுப் புதரையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், இந்த முறை ஒரு பாதி, அடுத்த முறை மறு பாதி என்று வெட்டினால் மறைவு எப்போதும் மிச்சமிருக்கும்.